வளருற பிள்ளைக்கு அளவெடுத்த கோட்டு

வெளிநாட்டில் வளர்ந்த எங்களில் பலருடைய வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் ஏதோ ஒரு கலியாண மண்டபத்தில் பெரிய கறுப்புக் கோட்டுக்குள் நிற்பான். கையில் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். "வளருற பிள்ளை, ஒரு சைஸ் கூட எடு" என்ற வசனத்தின் புகைப்படம் அது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. குறை சொல்லவில்லை. மீன் தொழிற்சாலையில் நின்று உழைத்த காசில் வாங்கிய கோட்டு மூன்று கலியாணத்துக்காவது வரவேண்டும் என்று அப்பா நினைத்ததில் என்ன பிழை?

இப்போது அடுத்த தலைமுறைக்குக் கோட்டு எடுக்கும் முறை எங்களுடையது. என் அக்காவின் மகனுக்கு இந்த வருடம் 15 வயது. அவர்கள் இருப்பது வெஸ்ட்லியில். ஒஸ்லோவின் வடகிழக்கு மூலை, சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பிடம். 1975இல் ரயில்பாதை அங்கே வந்து முடிந்தது. அதற்கு அப்பால் காடுதான். 80களின் பிற்பகுதியில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் அப்பா அம்மாமார் பலர் பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து குரோருட் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

நோர்வேயில் 15 வயது என்றால் கொன்ஃபிர்மஷூன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் எங்கள் பெற்றோருக்கு அது கடைசிவரை "தேவாலயத்துக்குப் போற விசயம்" ஆகவே இருந்தது. 1736இல் அரசர் சட்டம் போட்டு எல்லோருக்கும் கட்டாயமாக்கிய சடங்கு அது. கட்டாயம் நீங்கியது 1912இல். அந்த நாளில்தான் பெடியனுக்கு முதல் முதல் பெரிய ஆம்பிளை உடுப்புக் கிடைக்கும், அதற்குப் பிறகு வேலைக்குப் போகலாம். 1951 முதல் கடவுள் பெயர் இல்லாமலே ஒன்றும் நடக்கிறது, இப்போது அதை நடத்துவது மனிதநேயச் சங்கம். வகுப்பில் பாதிப்பேர் தேவாலயத்திலும் மீதிப்பேர் அங்கேயும் என்றால், நடுவில் எங்கள் சைவப் பிள்ளை எங்கே போவது? மருமகன் தானே முடிவெடுத்து மனிதநேயச் சங்கத்தில் பெயரைப் பதிந்துவிட்டான். விழா ஒஸ்லோ நகர மண்டபத்தில். நொபெல் சமாதானப் பரிசு கொடுக்கிற அதே மண்டபம் என்று சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு அதில் ஒரு மரியாதை வந்தது.

பெண்பிள்ளைகள் பலர் அன்று பூனாட் போடுவார்கள். தேசிய உடை, அந்தந்தப் பிரதேசத்துக்கென்று தனி வேலைப்பாடு. 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. பெடியன்களில் பெரும்பாலானோருக்குக் கோட்டு சூட்டு. அதற்கு நோர்வேஜிய மொழியில் 'ட்ரெஸ்' என்று பெயர். "பெடியனுக்கு ட்ரெஸ் எடுக்கப் போறம்" என்று அக்கா லண்டன் மாமிக்குச் சொல்லி, மாமி சில விநாடி பேசாமல் இருந்தது தனிக்கதை.

பிரச்சினை தொடங்கியது மாசி மாதத்தில். அக்காவின் திட்டம் வழக்கமானது: மலிவு விற்பனையில் ஒரு ஆயத்தக் கோட்டு, ஒரு சைஸ் கூட.

"ஒரு நாளைக்குத்தானே. பெரிசா எடுத்தா கலியாண வீடுகளுக்கும் போடலாம்" என்றா.

மருமகன் போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "அக்காவுக்கு மூண்டு சாறி எடுத்தனீங்கள். அதிலை ரெண்டை அவ திரும்பக் கட்டவேயில்லை."

வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவன் சொன்னது அவனுடைய தமக்கையின் சாமத்திய வீட்டை. மண்டபம், மணவறை, படப்பிடிப்பு, ஐரோப்பா முழுவதிலுமிருந்து சொந்தக்காரர். தாய்மாமன் என்று நான்தான் தேங்காய் உடைத்தேன், நான்தான் சாறியும் கொண்டுபோனேன். அந்தச் சடங்கு பெண்பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் எவ்வளவோ வாதாடுகிறோம். பெடியன் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. குரல் உடையும், மீசை அரும்பும், ஒரே வருடத்தில் தாயை விட உயர்ந்துவிடுவான். எங்களிடம் அதற்கென்று ஒரு நாள் கிடையாது. அவன் கேட்டது காசுக் கணக்கை அல்ல என்று அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "அப்ப நீ கூட்டிக்கொண்டு போ தம்பி, மாமன்தானே" என்று என் பக்கம் தள்ளிவிட்டா. அத்தான் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போட எழும்பினார்.

சிலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தைத்துக்கொண்டு வருவார்கள். விலையும் குறைவு, வேலையும் சுத்தம். முழுதாக வளர்ந்தவருக்கு அது நல்ல வழி. ஆனால் இந்த வயதில் பெடியன்கள் வேகமாக வளரும் கட்டத்தில் வருடத்துக்கு 9 சென்ரிமீற்றர் வரை உயருவார்கள். ஆடியில் எடுத்த அளவு அடுத்த வைகாசியில் வேறொருவனுடைய அளவு. அதிலும் உடம்பு ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் பாதம், கால், பிறகு உடல், கடைசியில்தான் தோள் அகலும். ஒரு சைஸ் கூட எடுப்பதில் இருக்கிற சிக்கலும் இதுதான். காற்சட்டை இரண்டே மாதத்தில் கட்டையாகிவிடும், தோள் இரண்டு வருடமானாலும் நிரம்பாது.

நகர மத்திக்குப் பக்கத்தில் குரொன்லாண்டில் ஒரு சின்னத் தையற்கடை. நடத்துபவர் அலெப்போவிலிருந்து வந்த பெரியவர். அப்பாவும் எங்களோடு வந்திருந்தார். பேரனை மேடையில் ஏற்றியவுடன் "நிமிர்ந்து நில்லடா" என்றார். தையற்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சொன்னது விளங்கியிருக்கிறது. "வேண்டாம், நிமிர வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் எப்படி நிற்பாயோ அப்படி நில்" என்றார் நோர்வேஜிய மொழியில். திடீரென்று உயர்ந்த பெடியன்கள் எல்லோரையும்போல அவனும் கொஞ்சம் கூனித்தான் நிற்பான். வீட்டில் நாங்கள் எல்லோரும் மாறி மாறித் திருத்துகிற கூன். அவர் அந்தக் கூனையே அளந்தார். முதுகுப் பக்கம் இவ்வளவு கூட, முன்பக்கம் இவ்வளவு குறைய என்று குறித்துக்கொண்டார். வலது தோள் இடதைவிட ஒரு சென்ரிமீற்றர் பதிவு என்றும் சொன்னார். மருமகனின் காது சிவந்துவிட்டது. பெரியவர் தன்னுடைய தோளைக் கண்ணாடியில் காட்டினார். அதுவும் ஒருபக்கம் பதிவு. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறவர்களைத் தான் அதிகம் கண்டதில்லை, உள்ளே ஒரு சின்னத் திண்டு வைத்தால் சரி என்றார்.

அப்பா இதையெல்லாம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் கோட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குச் சொந்தமானது. வெளிநாடு போக முன்னம் எடுத்த படத்துக்காகப் போட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தது. முதுகுப்பக்கம் ஊசி குத்தி இறுக்கியிருந்ததாம். அம்மெருட் முருகன் கோயில் திருவிழாவில் அவரும் பேரனும் ஒரே மாதிரி வேட்டியோடு நிற்பதைப் பார்க்கிறபோது நான் யோசிப்பதுண்டு: வேட்டிக்கு யாரும் அளவெடுப்பதில்லை. 15 வயதுக்காரனும் 70 வயதுக்காரரும் ஒன்றையே மாறி மாறிக் கட்டலாம். துணி எப்படியும் உடம்புக்குப் பொருந்திவிடும் என்று பழகிய மனிதருக்கு, ஒரு பிள்ளையின் தோளை மில்லிமீற்றர் கணக்கில் அளப்பது கொஞ்சம் செல்லம் கொடுப்பதுபோலத்தான் தெரியும்.

எங்கள் வேலையில், இன்றைய தேவைக்கு எழுது, நாளை மாறும் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மட்டும் இடம் விடு என்பார்கள். தையற்காரரும் அதையேதான் செய்தார். தோள், மார்பு, கழுத்து இன்றைய அளவுக்கு. கோட்டின் கைக்குள் 3 சென்ரிமீற்றர், காற்சட்டை மடிப்புக்குள் 6, பின் இடுப்புத் தையலில் 4 துணியை உள்ளே விட்டார். கை நுனியில் உண்மையான பொத்தான் துளை வெட்டவில்லை. வெட்டினால் பிறகு கையை நீட்ட முடியாது. மருமகனுக்கு அந்தத் துளைகள் வேண்டும் என்று ஆசை, எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அது வளர்ந்து முடிந்தவர்களுக்கு என்று பெரியவர் மறுத்துவிட்டார். துணி நல்ல கம்பளியாக இருக்கட்டும், பழைய மடிப்பின் கோடு ஆவி பிடித்தால் பெரும்பாலும் போய்விடும், பொலியெஸ்டரில் அப்படியே நிற்கும் என்றார். நிறம் கடும் நீலம். கறுப்பைக் கேட்டது அப்பா. வசந்தகாலப் பகல் வெளிச்சத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்று தையற்காரரும் பேரனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மொத்தம் 7,500 குரோனர். அக்காவுக்கு இன்றுவரை அந்தத் தொகையைச் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். எல்லோருக்கும் இது கட்டுப்படியாகும் என்று சொல்லமாட்டேன், தேவையும் இல்லை. ஆயத்தக் கோட்டில் தோள் மட்டும் சரியாக இருக்கிறதை எடுத்து, மிச்சத்தை ஒரு நல்ல தையற்காரரிடம் திருத்தக் கொடுத்தால் அரைவாசிக் காசு மிஞ்சும். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். அவனுடைய தோளுக்குச் சரியா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

வைகாசியில் விழாவுக்குப் போட்டான், பிறகு 17ஆம் திகதி தேசிய நாளுக்கும் அதையே போட்டான். கீழ்ப் பொத்தானைத் திறந்து விடவேண்டும் என்று அப்பாவுக்கே சொல்லிக் கொடுத்தான். கூனல் அப்படியேதான் இருந்தது, ஆனால் கோட்டின் கழுத்து முதுகை விட்டு விலகவில்லை. ஆவணியில் ஒருதரம் காற்சட்டையை 3 சென்ரிமீற்றர் இறக்கியாயிற்று. இன்னொருதரம் இறக்கலாம், அதற்குப் பிறகு தோள் விடாது என்று தையற்காரர் சொல்லியிருக்கிறார்.

அக்கா கோட்டைப் பிளாஸ்ரிக் உறை போட்டு அலுமாரியில் தூக்கியிருக்கிறா. அடுத்தது சின்னவன், அவனுக்கு இப்போது பன்னிரண்டு. "கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும், பரவாயில்லை" என்று போன கிழமை சொன்னா. நான் வாயே திறக்கவில்லை. இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது.