சயனைடு மேட்டின் நிழலில் 'இயற்கை' என்ற சொல்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில் பாதையில் கோரமண்டல் ஒரு சிறிய நிலையம். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின், விடியலில் பெங்களூருக்கு வேலைக்குப் புறப்படுவோரின் ஊராக அது மாறிப்போயிற்று. வண்டியிலிருந்து பார்த்தால் குன்றுகள்போல் தெரிபவை குன்றுகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலில் பொன்னைக் கரைத்தெடுத்தபின் நூறாண்டுக்கும் மேலாகக் கொட்டிய கழிவு அது. மூன்று கோடி டன்னைத் தாண்டிய அக்குவியல்களை மக்கள் சயனைடு மேடு என்றே அழைக்கின்றனர். காற்று வீசும் மாதங்களில் அந்த வெண்தூள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் கூரை, கொல்லை, குடிநீர்க்குடம் எதையும் விட்டுவைப்பதில்லை.

அக்கொல்லைகளில் முருங்கையும் கீரையும் வளர்கின்றன. யூரியா போடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை. அப்படியானால் அக்கீரையை 'இயற்கை விளைச்சல்' எனலாமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு மிகவும் உதவும் செடி, சட்டப்படி அங்கே பயிரிடவே முடியாத கஞ்சாதான். இயற்கை முறையில் வளர்ந்த கஞ்சாவுக்கும் இரசாயன முறையில் வளர்ந்ததற்கும் என்ன வேறுபாடு என்ற விவாதம், அது சட்டபூர்வமாக விற்கப்படும் வட அமெரிக்காவில் பெரும் வணிக விவாதமாகவே நடந்துவருகிறது. மண்ணைப் பற்றி அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

இயற்கை முறையின் தரப்பு வலுவாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. கஞ்சா பெரும்பாலும் உண்ணப்படுவதில்லை, எரிக்கப்படுகிறது. திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் இந்தியாவிலும் தெளிக்கப்படும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி, 205 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது. பழத்தோலில் எஞ்சும்போது வரம்புக்குட்பட்டதாகக் கருதப்படும் பொருள், புகையாகும்போது வேறொன்றாகிவிடுகிறது. வடிகட்டி இல்லாத குழாயில் புகைத்தால் செடியில் எஞ்சிய பூச்சிமருந்தில் 70 சதவீதத்தை நெருங்கும் அளவு புகையோடு உள்ளே செல்லக்கூடும் என 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆயினும் இதே மருந்தின் கதைதான் 'இயற்கை' என்ற முத்திரையையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இயற்கைச் சான்று பெற்றிருந்த ஒரு மருத்துவக் கஞ்சா நிறுவனம், தன் சரக்கில் மைக்ளோபியூட்டனில் கண்டறியப்பட்டதால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது, சான்றையும் இழந்தது. அப்போது கனடிய சுகாதாரத் துறை சொன்ன ஒரு கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை. கண்டறியப்பட்ட எச்சம் எரிந்து உண்டாக்கும் சயனைடு, கஞ்சா இலை எரிவதாலேயே உண்டாகும் சயனைடில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மருந்தே தெளிக்காத, தூய செடியின் புகையிலும் சயனைடு உண்டு என்பதே இதன் பொருள். விளம்பரத்தாள்கள் இதைச் சொல்வதில்லை.

மணம், வீரியம் பற்றிய வாதங்கள் இன்னும் தளர்ந்தவை. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், மரபணு ஒத்த செடிகளை வெயிலில் உயிர்மண்ணிலும், அறைக்குள் செயற்கை ஒளியிலும் வளர்த்து ஒப்பிட்டனர். வெளியே வளர்ந்தவற்றில் மணம் தரும் டெர்பீன்களின் வகைகள் மிகுந்திருந்தன. ஆனால் ஒளியும் மண்ணும் ஒருசேர மாறியிருக்கும்போது பெருமையை எருவுக்குக் கொடுப்பது எப்படி? முதலாண்டு மாணவரும் எழுப்பக்கூடிய கேள்வி இது. வணிகத்துக்கு அது தேவைப்படவில்லை.

உண்மையில் இம்முறை புதியதும் அன்று. 1893–94இல் இந்தியக் கஞ்சா ஆணையம் ஆராய்ந்த வங்காளத்து நௌகாவ் வட்டாரத்தில், மாட்டுச்சாணமும் பிண்ணாக்கும் இட்டே கஞ்சா விளைந்தது. ஆண் செடிகளைக் கண்டறிந்து களைவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் வயலுக்கு வந்தார்கள். அன்று யாரும் அதை 'இயற்கை' என்று பெயரிட்டு விற்கவில்லை. வேறு முறை இருந்தால்தானே பெயர் வேண்டும்.

இனி மண். கஞ்சாச் செடி காட்மியம், ஈயம், நிக்கல் போன்ற உலோகங்களை வேரால் உறிஞ்சி, ஓரளவை இலைக்கும் ஏற்றிவிடும் இயல்புடையது. இந்த இயல்பை நம்பியே 1990களின் இறுதியில் செர்னோபில் அருகே மாசடைந்த நிலத்தில் அதை நட்டுப் பார்த்தார்கள். இத்தாலியின் தாரந்தோவில் எஃகு ஆலைக்கருகே, டையாக்சின் படிந்ததால் ஆட்டு மந்தைகளை அழிக்க நேர்ந்த மேய்ச்சல் நிலத்தில் பின்னாளில் நடப்பட்டதும் இதே செடிதான். மண்ணைத் தூய்மையாக்கும் செடி என்று அதைப் புகழ்வோர், அது உறிஞ்சிய நஞ்சு எங்கே போகிறது என்ற அடுத்த வரியை எழுத மறந்துவிடுகிறார்கள். குடல் காட்மியத்தில் சிறு பங்கையே ஏற்கும். நுரையீரல் அதைவிடப் பலமடங்கு ஏற்கும்.

இயற்கை வேளாண்மைச் சான்றோ பெரும்பாலும் உழவர் மண்ணில் எதை இட்டார் என்பதைக் கேட்கிறது. இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் 2001இல், சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டில் தொடங்கியது. ஓராண்டுப் பயிருக்கு அது கேட்கும் மாற்றக்காலம், விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள். மாசு உண்டென்ற ஐயம் எழுந்தால் மண்ணைச் சோதிக்க இடமுண்டு; ஐயப்பட ஒருவர் வேண்டும். யூரியாவை மறக்க மண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் போதலாம். 1880 முதல் 120 ஆண்டுகள் சுரங்கம் கண்ட ஊரின் மண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெயிலும் காற்றும் சயனைடைக் காலப்போக்கில் சிதைத்துவிடும், உலோகம் சிதைவதில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நாருக்கும் விதைக்குமான பயிருக்கு அரசு இசைவளிக்க இடம் வைத்திருக்கிறது. உத்தரகாண்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டது. நாளை யாரேனும் அந்த வாசல் வழியே சயனைடு மேட்டுக்கும் இச்செடியைக் கொண்டுவர எண்ணலாம். தூள் பறப்பதைத் தடுக்க அது உதவினால் நல்லதே. நார் பயன்படலாம், விதையும் இலையும் உணவுக்கோ மருந்துக்கோ போகக்கூடாது. எரித்தாலும் உலோகம் அழிவதில்லை. ஒரு பிடி யூரியாவும் இடாமல் வளர்ந்த, எந்த வீட்டுக்கும் ஆகாத விளைச்சல் அது.

கொல்லை முருங்கைக்கும் இதே சோதனை தேவை. அளக்கும் கருவிகள் பெங்களூரில் உள்ளன. காலை இரயில் அங்கேதான் போகிறது. மாதிரி எடுப்பவர் கழுவிய இலையையும் கழுவாத இலையையும் தனித்தனிப் பைகளில் இட வேண்டும். இலைமேல் படிந்த தூள் எவ்வளவு, வேர் உறிஞ்சியது எவ்வளவு என்று பிரித்தறிய எளிய வழி அதுவே. முதலாவதற்குத் தண்ணீர் போதும்.