பாறைக்கு அடியில்

காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்கள் உலகில் இரண்டே என்றும், ஒன்று தென்னாப்பிரிக்காவிலும் மற்றொன்று கோலார் தங்கவயலிலும் உள்ளன என்றும் பௌதிகப் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். இரண்டும் தங்கச் சுரங்கங்கள். தோழர்கள் குறிப்பெடுத்தார்கள். என் பேனா மட்டும் நின்றுவிட்டது. கோலார் என் ஊர். அது என் தாத்தா இறங்கிய குழி.

தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். அத்தனை பாறை மேலே இருந்தால்தான் மற்றத் துகள்கள் தடைபட்டு, நியூட்ரினோ மட்டும் கருவியை எட்டும். நல்லது. ஆனால் அந்த ஆழத்தை விஞ்ஞானமா தோண்டிற்று? வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலிகளன்றோ தோண்டினார்கள்! இலாபம் லண்டனுக்குப் போயிற்று. கல் தூசு அவர்கள் மார்பில் தங்கிற்று. 1940-களில் 7,000-க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டவர்க்குச் சிலிகோசிஸ் நோய் இருந்தது. யாரும் யாரையும் கத்தியால் குத்தவில்லை, பாருங்கள். கூலிக்கு வேலை, அவ்வளவுதான்.

சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த தாத்தாவிடம் இந்தத் துகளைப் பற்றிச் சொன்னேன்.

"தூசியைவிடச் சின்னது, தாத்தா. உடம்புக்குள்ளே பூந்து அந்தப் பக்கம் போயிடும். ஆனா ஒண்ணும் பண்ணாது."

அவர் சற்று யோசித்தார்.

"ஒண்ணும் பண்ணாத தூசிகூட அங்கே இருந்துச்சா?" என்று கேட்டார்.