மலைமேல் ஓர் ஊர், கீழே ஒரு மிதிவண்டிப் பாதை



நம் சபையிலிருந்து பணி நிமித்தமாக லியோன் நகரத்திற்குச் சென்றிருக்கும் பிள்ளைகள் இருவர், வரும் கோடையில் நான்கைந்து நாட்கள் மிதிவண்டியில் பயணம் செய்ய விரும்புவதாகவும், நெரிசலற்ற சாலைகள் எங்கே உண்டு என்றும் கேட்டு எனக்கு எழுதியிருந்தனர். சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நான் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு வாரம் மிதிவண்டியில் சுற்றியதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் இருவருக்கும் எழுதத் தொடங்கிய பதில், உங்கள் எல்லோருக்குமான இவ்வார மடலாக நீண்டுவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில் சாலைகளைப் பற்றி. அந்நாட்டின் சாலைகளை எல்லாம் சேர்த்து அளந்தால் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். அவற்றுள் மிகப் பெரும்பகுதி, ஊராட்சிகளும் மாவட்டங்களும் பேணுகிற சிறு சாலைகளே. மிச்செலின் வரைபடத்தை விரித்தால் பெருஞ்சாலைகள் சிவப்பிலும், அடுத்த நிலையில் உள்ளவை மஞ்சளிலும், ஊருக்கு ஊர் செல்லும் சாலைகள் வெள்ளையிலும் காணப்படும். மிதிவண்டிக்காரர் தேட வேண்டியது அந்த வெள்ளைக் கோடுகளைத்தான். ஓரத்தில் பச்சைக் கோடும் சேர்ந்திருந்தால் அது கண்ணுக்கினிய வழி என்று பொருள். சாலையோரத்தில் மஞ்சள் தலை வைத்த மைல்கற்கள் நின்றால் நீங்கள் மாவட்டச் சாலையில் இருக்கிறீர்கள். ஊர் எல்லைக்கு வெளியே மிதிவண்டியை முந்திச் செல்லும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வளைவுகளில் எனக்குப் பின்னால் பொறுமையாய் ஊர்ந்து வந்து, பாதை தெளிந்த பிறகே முந்திச் சென்ற பால்வண்டிகளை நான் கண்டேன். நம் நெடுஞ்சாலையில் லாரியின் காற்றே நம்மை ஓரத்துக்குத் தள்ளிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஆயினும் முதன்முறை செல்லுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஜீவ்ரியில் தொடங்கி க்ளூனியில் முடிகிற 44 கிலோமீட்டர் பாதை. அது ஒரு காலத்தில் இரயில் ஓடிய தடம். தண்டவாளங்களை அகற்றித் தார் இட்டு, 1997இல் மிதிவண்டிக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். மோட்டார் வாகனம் எதற்கும் அங்கே இடமில்லை. இவ்வகைப் பாதையை அவர்கள் ‘பசுமை வழி’ என்கிறார்கள். அந்நாட்டில் இவ்விதம் அமைந்த முதல் வழி இதுவே என்பர். நீராவி எஞ்சின் ஏறுவதற்காக வெட்டிய தடமாதலால் ஏற்றம் மிகவும் மெல்லியது. அறுபதை நெருங்கும் என் முழங்கால்கள் அதற்காக நன்றி செலுத்தின. தொடக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள். பிறகு க்ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கு. வேலிகளுக்குள் அசையாமல் நிற்கும் வெண்ணிற ஷாரோலே மாடுகள். பழைய இரயில் நிலையக் கட்டடங்கள் வழியில் இன்னும் நிற்கின்றன. சற்று விலகி வெள்ளைச் சாலைகளில் திரும்பினால் ஷபேஸ் போன்ற ஊர்களில் 11ஆம் நூற்றாண்டுக் கல்லாலயங்களைக் காணலாம். அவற்றின் கதவுகள் பகலில் பெரும்பாலும் திறந்தே இருந்தன.

இந்த அமைதியை மூன்று நாட்கள் மகிழ்ந்து அனுபவித்தேன். நான்காம் நாள்தான் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. பத்துப் பதினைந்து வீடுகளே உள்ள ஒரு சிற்றூரில் தண்ணீர் தேடி நின்றேன். சதுக்கத்தில், அங்கே ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருப்பதுபோல, முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவுத்தூண் ஒன்று இருந்தது. வீடுகளின் எண்ணிக்கையைவிடப் பெயர்களின் எண்ணிக்கை அதிகமாயிருந்தது. ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை. அந்தப் போரில் பிரான்சு 13 லட்சத்திற்கும் அதிகமான போர்வீரரை இழந்தது. அதற்கு முன்னரே தொடங்கி அதன் பின்னரும் நீண்ட காலம், பிழைப்பைத் தேடி இளைஞர் நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தனர். பள்ளிக்கூடம் மூடப்பட்டது, கடை மூடப்பட்டது, இரயிலும் நின்றது. நான் சுகமாய் மிதித்துச் சென்ற அந்த மழமழப்பான பாதை, நின்றுபோன இரயிலின் தடம்தானே! உல்லாசப் பயணிக்கு இன்பமாயிருக்கும் நிசப்தம், ஊரில் எஞ்சியிருக்கும் முதியவளுக்கு எப்படியிருக்கும் என்று அந்தத் தூணின் அருகே நின்று எண்ணினேன். அதன்பின் அந்தச் சாலைகளை நான் அதே கண்ணால் பார்க்கவில்லை.

பாதை முடியும் க்ளூனியிலும் இதே கதைதான், பெரிய அளவில். 910இல் நிறுவப்பட்ட அந்தத் துறவிமடத்தின் மூன்றாம் பேராலயம் 1088இல் தொடங்கப்பட்டது. 187 மீட்டர் நீளம். 16ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயம் புதிதாய் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய ஆலயம் இருந்ததில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கல்குவாரியைப் போல அதை உடைத்துக் கற்களை விற்றார்கள். கற்களில் ஒரு பங்கு அடுத்திருந்த குதிரைப் பண்ணைக்குப் போயிற்று. இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிற்கும் ஒற்றைக் கோபுரத்தின் கீழே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபோது, ஒரு சபையின் பெருமைக்கு எவ்வளவு காலம் ஆயுள் என்று கேட்கத் தோன்றியது. அதைப் பற்றி நான் பெரிதாய்ச் சொல்ல விரும்பவில்லை. கட்டட நிதிக் கமிட்டியார் என்னைத் தவறாய் எண்ணக்கூடும்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது க்ளூனிக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் வடக்கே, பாதையிலிருந்து சற்றே ஏறிச் செல்ல வேண்டிய மலைச் சரிவில் உள்ள தெஸே என்ற சிற்றூரைப் பற்றி. அந்தப் பெயரை நம்மில் பலர் அறிவோம். அங்கிருந்து வந்த, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் ஜெபப் பாடல்கள் நம் தவக்காலக் கூடுகைகளிலும் ஒலிக்கின்றன. 1985இல் தெஸே சகோதரர்கள் நடத்திய இளையோர் கூடுகை சென்னையிலும் நடந்தது. ஆனால் அந்த ஊருக்குச் சகோதரர் ரோஜே முதன்முதலில் எப்படி வந்தார் தெரியுமா? மிதிவண்டியில்தான் வந்தார். 1940இல், ஜெனீவாவிலிருந்து, தம் இருபத்தைந்தாம் வயதில். அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு சீர்திருத்த சபைப் போதகரின் மகன். தாயாரோ பிரான்சு நாட்டவர். தோற்றுப்போன பிரான்சு அப்போது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவினைக் கோட்டுக்கு அருகே, ஒடுக்கப்பட்டவர்களுக்கு இடம் தரத்தக்க ஒரு வீட்டை அவர் தேடி வந்தார். வேறு இடங்களையும் பார்த்தார். தெஸேயில் ஒரு முதிய பெண் அவருக்கு உணவளித்து, ‘நாங்கள் இங்கே தனித்துவிடப்பட்டிருக்கிறோம், இங்கேயே இருந்துவிடுங்கள்’ என்னும் கருத்தில் கேட்டுக்கொண்டார். அந்த எளியவளின் குரலைத் தேவனுடைய குரலாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

எம்மாவு ஊருக்குச் சென்ற வழிப்போக்கர் இருவரையும் நீங்கள் நினைக்காமல் இருக்க முடியாது. அங்கேயும் பொழுது சாய்கிற வேளை. அங்கேயும் தங்கும்படி ஒரு வருந்தல். அங்கேயும் ஒரு பந்தி. லூக்கா 24ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தங்கும்படி கேட்கிறவருடைய தனிமையைக் குறித்து நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

ரோஜே தங்கினார். தம் சகோதரி ஷெனவியேவின் துணையோடு, யூதர் உள்ளிட்ட அகதிகளை அந்த வீட்டில் ஒளித்து வைத்தார். 1942இல் ஆபத்து நெருங்கியதால் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1944இல் திரும்பி வந்தார். போர் முடிந்த பிறகு, அருகிலிருந்த முகாமின் ஜெர்மானியப் போர்க்கைதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் உபசரித்தார்கள். அகதிகளுக்கு அடுத்து அவர்களை வேட்டையாடிய தேசத்தார்! ஊராருக்கு அது எளிதில் விழுங்கத்தக்கதாய் இருந்திராது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தொண்ணூறு வயதில், மாலை ஜெபத்தின் நடுவே மனநலம் குன்றிய ஒரு பெண்ணின் கத்தியால் அவர் உயிர் பிரிந்தது. ஊர்க் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் எளிய ஒரு மரச்சிலுவையின் கீழ் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன்.

அப்போது என் மனதில் இருந்தது என் தாயார். தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில், எண்பத்து மூன்று வயதில், தனியே இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னை அடுக்ககத்திற்கு அழைத்து வந்துவிடலாம் என்று என் தம்பிமார் சொல்லுகிறார்கள், அன்பினாலேயே சொல்லுகிறார்கள். அம்மாவோ ஒவ்வொரு தொலைபேசி உரையாடலிலும், “எப்ப ஐயா இங்க வந்து இருப்பே?” என்றுதான் கேட்பார். ‘வருவே’ என்று கேட்பதில்லை, ‘வந்து இருப்பே’ என்றே கேட்பார். அந்தச் சேகரத்தின் ஆறு சிற்றாலயங்களில் நான்கிற்கு நிலையான போதகர் இல்லை. ஆராதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இப்போது இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே வரும் மே மாத இடமாற்றத்தில் அந்தச் சேகரத்தைத் தரும்படி பேராயரிடம் விண்ணப்பித்திருக்கிறேன். இதை நீங்கள் அறிவிப்புப் பலகையில் காணும் முன் என்னிடமிருந்து அறிய வேண்டும் என்பதே இம்மடல் நீண்டதன் காரணம். உங்களில் சிலருக்கு இது வருத்தமளிக்கும் என்று அறிவேன். எனக்கும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனைக்குப் பின் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

லியோன் பிள்ளைகளுக்கு இன்னும் சில குறிப்புகள். நண்பகல் 12 மணிக்குச் சிற்றூர்க் கடைகள் மூடிவிடும்; திங்கட்கிழமைகளில் பல ரொட்டிக்கடைகள் திறப்பதே இல்லை. ஆகவே காலையிலேயே ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்று பலகை இருந்தால் மட்டும் தொடாதீர்கள். எதிரே வருகிறவருக்கு ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். சொல்லாமல் கடந்தால் அவர்கள் வருந்துவார்கள். க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கிச் செல்வதானால், புவா க்ளேர் என்னும் 1,600 மீட்டர் சுரங்கத்தைக் கடக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரும். மேலாடையைக் கையில் வைத்திருங்கள். குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள், வௌவால்கள் உறங்குவதற்காக. தெஸேயில் மாலை ஜெபம் எட்டரை மணிக்கு. மேட்டில் ஏற அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சுமையோடு மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.