காக்கா பிடித்த கதை

காக்கா பிடிப்பது என்றால், ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நமக்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் 2006-ல் நிஜமாகவே காக்கா பிடித்தார். ஆதிமனிதன் மாதிரி ஒரு ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கத்தித் தீர்த்தன. அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செனியின் முகமூடியைப் போட்டுப் போனால் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை! முதல் சில வருஷங்களில் கத்துகிற கூட்டம் கூடிக்கொண்டே போனது. பிடிபடாத காக்கைகளும், குஞ்சுகளும்கூடப் பெரியவற்றைப் பார்த்து அந்த முகத்தைப் பகையாக்கிக்கொண்டன.

இந்தக் கதையை நான் முதலில் சொன்னது எங்கள் எதிர்வீட்டு நண்பருக்கு. எழுபத்தாறு வயது. மனைவி போய் நாலு வருஷம். அன்றிலிருந்து தினமும் காலையில் மதில்மேல் ஒரு கைப்பிடி சாதம் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்.

வைகாசியில் அவர் வீட்டு வேப்பமரத்துக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்தது. பூனை வந்துவிடப் போகிறதே என்று கையில் எடுத்து மதில்மேல் விட்டார். நல்லதுக்குத்தான் செய்தார். பெற்ற காக்கைகளுக்கு அது தெரியுமா? தங்கள் குஞ்சு ஒரு மனிதன் கையில் இருந்தது மட்டும்தான் தெரியும். மறுநாளிலிருந்து அவர் வாசலுக்கு வந்தால் பின்னந்தலையில் ஒரு கொத்து. தெருவில் வேறு யாரையும் தொடுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறல்கூடச் சட்டென்று நிற்காது. மகன் போனிலேயே ஆளைப் பிடித்து, கிளையை வெட்ட ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான்.

அவருக்குக் காயம் பெரிதாகப் படவில்லை. "நாலு வருஷமாச் சோறு வைக்கிறேன். அவளுக்கு என் மேல என்ன சார் கோபம்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

பித்ரு விஷயத்தில் நான் தர்க்கம் பேசுவதில்லை. சியாட்டில் கதையை மட்டும் சொன்னேன். அங்கே உள்ளது வேறு இனம். நம்முடையது சாம்பல் கழுத்துக்காரர். ஆனால் குஞ்சுக்காகச் சண்டை போடுவதில் நம்முடையதும் சளைத்ததில்லை. கூட்டில் குயில் முட்டையிட்டுப் போயிருந்தால், அந்தக் குயில் குஞ்சுக்கும் அது ஊட்டி வளர்க்கும். குஞ்சுகள் நன்றாகப் பறக்கிறவரை சில வாரம் குடை பிடித்துக்கொள்ளுங்கள், கோபம் தணியலாம் என்றேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, "வெட்ட வேண்டாம்ப்பா" என்றார்.

இப்போது புதிதாக ஒரு யோசனை சொல்கிறார்: பேரனின் புலி முகமூடியைப் போட்டுக்கொண்டு சாதம் வைத்தால் என்ன? காக்கா ஏமாறலாம். விடிகாலையில் வாக்கிங் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.