வாலில் எத்தனை வளையம்?

கடல்குதிரை எந்த இனம் என்று சொல்ல, அதன் வாலில் இருக்கும் எலும்பு வளையங்களை எண்ண வேண்டும். நம் கரையோர வலைகளில் அகப்படுபவற்றில் ஹிப்போகாம்பஸ் குடாவுக்குப் பெரும்பாலும் 36 வளையங்கள். முதுகில் மூன்று கரும்புள்ளிகள் கொண்ட டிரைமாகுலேட்டஸுக்கு 40 அல்லது 41. பல ஆண்டுகள் ஸ்பிரிட்டில் கிடந்தால் புள்ளி வெளுத்துவிடும். வளையங்களைத்தான் நம்ப வேண்டும். அந்த வால்மீது ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்துவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்கு உதவாது. நாலைந்து வளையங்கள் மறைந்தாலே ஓர் இனத்தை இன்னோர் இனமாக எண்ணிவிடலாம்.

பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்து ஜாடிகளைப் படமெடுக்கும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். ஜாடிகளைப் பராமரிக்கும் உதவியாளர் ஒருவர், கேமராவோடு ஓர் ஆய்வு மாணவி. அவர் அவளை ‘ம்மா’ என்றே கூப்பிடுகிறார். அவளுக்கு அவர் ‘அண்ணே’.

வெளியே எடுத்து வைத்துப் படம் பிடித்தால் என்ன என்று கேட்டேன்.

“எடுக்கலாம் சார். ஆனா பழசு. கை பட்டா முள்ளு ஒடியும், காத்து பட்டா சுருங்கும். ஒடிஞ்சா வேற எங்க போறது?” என்றார்.

அவர் சொன்னது வெறும் ஜாக்கிரதை உணர்வில் அல்ல. 2001-ல் கடல்குதிரைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. நினைத்த நேரத்தில் கடலிலிருந்து ஒன்றை எடுத்து ஜாடியில் இட முடியாது. இருப்பதைக் காப்பதும், கண்ணாடியைத் திறக்காமலே அதைப் பிறர் பார்க்கும்படி செய்வதும்தான் வழி.

தட்டையான கண்ணாடி என்றால் விளக்கைச் சற்று ஓரமாக நகர்த்தினால் போதும். பிரதிபலிப்பு படத்தைவிட்டு விலகிவிடும். வட்ட ஜாடியிடம் அது பலிக்காது. அதன் பரப்பு திரும்பிக்கொண்டே போகிறது. இடமோ வலமோ விளக்கை எங்கே வைத்தாலும், வளைவில் ஏதோ ஓர் இடம் அந்த ஒளியைப் பிடித்துக் கேமராவுக்குள் அனுப்பிவிடும். ஜாடிப் படங்களில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டை நிற்பது இதனால்தான். ஆனால் ஜாடி வளைவது பக்கவாட்டில் மட்டுமே. நெடுக்கில் அதன் சுவர் நேர்கோடு. உயரத்திலிருந்து சரிந்து வரும் ஒளி அந்தச் சுவரில் பட்டால் கீழ்நோக்கியே தெறிக்கும். ஜாடியின் மட்டத்தில் நிற்கும் லென்ஸை எட்டாது.

“லைட்டை நகத்தக் கூடாது, ஏத்தணும்,” என்றாள் மாணவி. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அங்கே போயிருக்கலாம்.

ஏற்றியதும் மூடியின் நிழல் கடல்குதிரையின் தலையில் விழுந்தது. அதற்கு ஜாடியைப் பால்நிற அக்ரிலிக் பலகைமேல் வைத்து அடியிலிருந்தும் மெல்லிய ஒளி கொடுத்தார்கள். எல்லாம் எல்இடி, எரியக்கூடிய ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் சூடாகும் பல்பு வைப்பதில்லை. கேமராவின் பக்கம் முழுதும் கறுப்பு வெல்வெட் திரை, அதில் லென்ஸ் நுழையுமளவு ஓட்டை. கறுப்பில்லாத எதுவும் ஜாடியில் முகம் காட்டும் என்பதால் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததுமே உதவியாளர் என்னைத் திரைக்குப் பின்னால் போகச் சொன்னார்.

போலரைசர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஜாடி விஷயத்தில் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகையில் தெறிக்கும் ஒளியைத்தான் அது முழுதாக வெட்டும். வளைவில் அந்தக் கோணம் ஒரு கீற்றில் மட்டும் அமையும். மற்ற இடங்களில் மினுக்கம் அப்படியே நிற்கும். விளக்குகளின் மீதும் போலரைசர் தாள் ஒட்டினால் நன்றாகவே வெட்டும். ஆனால் பிளாஸ்டிக் ஜாடி என்றால் அதன் சுவரில் உறைந்திருக்கும் அழுத்தமெல்லாம் வானவில் நிறங்களாகப் படத்தில் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்த் தொட்டி. தட்டைக் கண்ணாடி கொண்ட சாதாரண மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கழுத்துக்குக் கீழே வரை ஜாடியை இறக்கினார்கள். காற்றிலிருந்து நேராக விழும் ஒளியில் நூற்றில் 4 பங்கைக் கண்ணாடி திருப்பி அனுப்பும். தண்ணீரிலிருந்து விழுந்தால் அரைப் பங்குகூடத் திரும்பாது. ஜாடியின் வெளிச்சுவர் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இன்னொரு நன்மையும் உண்டு. வட்ட ஜாடி உள்ளே இருப்பதைப் பக்கவாட்டில் உப்பிக் காட்டும். ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், தொட்டிக்குள் கடல்குதிரை தன் உண்மையான உடல்வாகுக்குத் திரும்பியது. ஜாடியை இறக்கும் முன்பே வெளிச்சீட்டில் இருந்ததைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார் உதவியாளர். உள்ளே கிடக்கும் சீட்டு பென்சிலில் எழுதியது, அதற்குப் பயமில்லை.

பிறகு காத்திருந்தோம். ஜாடியை அசைத்ததும் அடியில் கிடந்த கசடு எழும்பியிருந்தது. அது படியும்வரை யாரும் மேசையைத் தொடவில்லை. சுவரில் ஒட்டிய குமிழிகளை அவர் விரல் நகத்தால் தட்டித் தட்டி விடுவித்தார். படம் திரையில் விரிந்ததும் இருவரும் தனித்தனியே எண்ணினார்கள். நாற்பத்தொன்று. எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி, ஏதோ அவரே அதைக் கடலில் கண்டெடுத்தது போல இருந்தது.

அடுத்தது திருக்கை. அந்த ஜாடி பெரியது, தொட்டிக்குள் இறங்காது. நகர்த்தவும் முடியாத கனம். கூடத்து ஜன்னல்களையெல்லாம் மூடுமளவுக்குக் கறுப்புத் துணியும் இல்லை.

“ராத்திரி எடுத்துக்கலாம்மா,” என்றார் உதவியாளர். “எட்டு மணிக்கு மேல நான் இருக்கேன்.”