நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு

விரைந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டா? இவ்வினாவுக்கு வெறுங்கண்ணால் விடைகாண இயலவில்லை. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் ஒளிப்படக் கலைஞர் ஓடுபாதையை ஒட்டிக் கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, கேமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. விடை கிடைத்தது. நான்கு கால்களும் எழுகின்றன. ஆனால், ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் அவை முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அன்று. வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போதுதான்!

எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்காக விளையாட்டு விழாவைப் படமெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் கற்பிப்பவனுக்குக் கேமராவின் இலக்கணமும் ஓர் இலக்கணமே என்று எண்ணிக் கற்கத் தொடங்கினேன். ஷட்டர் எனப்படும் மூடுதிரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே அதன் முதற்பாடம்.

2009ஆம் ஆண்டு பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்தார். சராசரியாக நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேல். திரை நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவர் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அவர் நகர்வது ஒரு சென்டிமீட்டரே.

இதனை மைதானத்தில் சோதித்துப் பார்த்தேன். ஒரே மாணவனை ஒரே இடத்தில் மும்முறை ஓடச் செய்து, மூன்று வேகங்களில் படமெடுத்தேன். அறுபதில் ஒரு பங்கில் அவன் கால்கள் புகையாயின. இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் முகம் தெளிந்தது, பாதங்கள் தெளியவில்லை. முன்வீசும் பாதம் உடலைவிட விரைவாகச் செல்வதே காரணம். ஆயிரத்தில் ஒரு பங்கிலோ, அவன் குதிகால் எற்றிய மண்துகள்கள்கூட அந்தரத்தில் நின்றன.

ஆனால், இந்தத் தெளிவுக்கு விலை உண்டு. இருநூற்றைம்பதிலிருந்து ஆயிரத்துக்குச் சென்றால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. அதனை ஈடுசெய்ய வழிகள் இரண்டு. லென்சின் துளையை எஃப் 5.6 என்னும் அளவிலிருந்து 2.8 வரை அகலத் திறக்கலாம். அப்போது தெளிவாகப் பதியும் ஆழம் குறையும். ஓட்டக்காரரின் கண் தெளிந்து, பின்னிருப்பவர் மங்குவார். அன்றேல், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறனை 400இலிருந்து 1600க்கு உயர்த்தலாம். அப்போது படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். மாலை மங்கியபின் மின்விளக்கொளியில் நடைபெறும் கபடி ஆட்டத்தில் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. புள்ளி நிறைந்த படத்தில் வீரர் இருப்பார். கலங்கிய படத்தில் அவரைத் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் எனக்கு விளக்கிய ஸ்டுடியோக்காரர் இறுதியாக ஒன்று சொன்னார்: "முதல்ல ஆட்டத்தைப் படிங்க சார். கேமரா தானா பின்னால வரும்." அதன் பொருள் போகப்போக விளங்கிற்று. கண்டதற்கு நம் விரல் வினையாற்ற ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. கண்டபின் அழுத்தினால் அக்கணம் கடந்திருக்கும். பாடிச் செல்பவர் எந்தக் காலை ஊன்றித் திரும்புவார், பிடிப்பவர் எப்போது பாய்வார் என்பதை முன்னுணர வேண்டும். உயரம் தாண்டுபவர் உச்சியை அடையும்போது மேல்நோக்கிய வேகம் முற்றும் அடங்கிவிடுகிறது. இயற்கையே ஒரு கணம் நமக்காகக் காத்திருக்கும் இடம் அது.

தெளிவு என்பது அசைவை முற்றிலும் நிறுத்துவதும் அன்று. மிதிவண்டிப் பந்தயத்தில் திரைவேகத்தை அறுபதில் ஒரு பங்காகக் குறைத்து, வீரர் செல்லும் திசையிலேயே கேமராவையும் சீராகத் திருப்பினால் அவர் தெளிவாகப் பதிவார். பின்புலம் கோடுகளாக ஓடும். அப்படத்தில் வேகமும் தெரியும், முகமும் தெரியும்.

விழாவன்று நீளம் தாண்டிய மாணவி ஒருத்தியின் படம் நன்கு அமைந்தது. அவளுடைய பெற்றோர் வெளியூரில் செங்கல் சூளையில் வேலைசெய்பவர்கள். மகள் தாண்டுவதை அவர்கள் ஒருமுறையும் கண்டதில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தவள், "இவ்வளவு உயரமாவா ஐயா எழும்புறேன்?" என்று வியந்தாள். அப்போதுதான் நான் உணர்ந்தேன்: அவள் பெற்றோர் மட்டுமல்லர், அவளும் அக்காட்சியைக் கண்டதில்லை. உடற்கல்வி ஆசிரியர் அதே படத்தில், இறங்குமுன் அவள் கை பின்தங்குவதைச் சுட்டிக்காட்டித் திருத்தினார். பிறகு படத்தின் படியொன்று சூளைக்குச் சென்றது.

விளையாடுபவர் தம் ஆட்டத்தைத் தாம் காண்பதில்லை. பல நாள் வைகறையில் எழுந்து பயின்ற உழைப்பு, பார்ப்பவர் இமைக்கும் பொழுதில் நிகழ்ந்து மறைந்துவிடுகிறது. மாணவர்களே, இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் கேமரா இருக்கிறது. அடுத்த விளையாட்டு விழாவில் வெற்றி பெற்றவரைக் கோப்பையுடன் நிற்கவைத்துப் படமெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஓடிவருபவரின் காலும் ஒரு கணம் மண்ணைவிட்டு எழத்தான் செய்கிறது, அதற்காகவும் காத்திருங்கள்.