கடைசி ஆளின் நேரத்தையும் எழுதுங்கள்

(கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். விளையாட்டுக் கழகத்துத் தம்பிமார் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.)

நம்ம பக்கத்துச் சைக்கிளோட்ட சீசன் முடிந்துவிட்டது. மழை தொடங்கினால் வயல் ரோடு களியாகிவிடும். பெரிய ரோட்டில் எது பள்ளம், எது தண்ணீர் என்று தெரியாது. இனித் தை, மாசி கழிந்துதான் யாராவது போட்டி வைப்பார்கள். இந்த முறை சீசன் முடிகிற நேரத்தில் இரண்டு போட்டிகளில் ஓடினேன். ஒன்று தார் ரோட்டில், மற்றது சேற்றில். இரண்டிலும் பரிசு இல்லை. பரிசு எடுக்கிற வயதும் என்னிடம் இல்லை, சைக்கிளும் இல்லை. ஆனால் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது.

நான் சைக்கிளுக்கு வந்த கதை உங்களில் பாதிப்பேரின் கதைதான். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு கிடந்தெழும்பிய பிறகு, வாப்பாவின் பழைய லுமாலாவைத் தூசு தட்டி, டியூப் இரண்டையும் மாற்றிப் பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன். அந்த நேரம் புதுச் சைக்கிள் விலை கேட்டால் தலை சுற்றும். வீட்டில் பழைய சைக்கிள் கிடந்தவன்தான் பணக்காரன். மறுகா கியூஆர் வந்தது, வரிசை குறைந்தது, எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குக் கிறுகினார்கள். நான் கிறுகவில்லை. காலையில் சுபஹ் தொழுதுவிட்டு ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடினால் அன்றைக்கு வகுப்பில் கோபம் குறைவாக வருகிறது. மாணவர்களே சாட்சி.

முதற்போட்டி செப்டெம்பரில். அக்கரைப்பற்றில் தொடங்கிக் காரைதீவுச் சந்தி வரை போய்த் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். சாதாரண சைக்கிள் மட்டும்தான், கியர் சைக்கிளுக்கு இடமில்லை. நல்ல விதி அது. வெளிநாட்டில் இருந்து மச்சான் அனுப்பிய சைக்கிளில் வருகிறவனும், டியூசனுக்குப் போகிற சைக்கிளில் வருகிறவனும் ஒரே கோட்டில் நிற்கலாம். 31 பேர் நின்றோம். மட்காட், கெரியர், ஸ்டான்ட், செயின் கவர் எல்லாம் கழற்றினாலும் நம்ம சைக்கிள் இரும்பு இரும்புதான்.

போகும்போது எல்லோரும் வீரர்கள். கச்சான் காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து சாய்த்துத் தள்ளும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கழியும். காரைதீவில் கிறுகின பிறகுதான் போட்டி. நிந்தவூர் முடியும்வரை வீடும் மதிலும் மரமும் காற்றை மறைக்கும். ஊர் முடிந்து களியோடைப் பாலத்துப் பக்கம் வெளிக்கு வந்தால், அதே காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து முகத்தில் அறைகிறது. சிறுபோகம் வெட்டி முடிந்த நேரம் வேறு. காற்றை மறிக்க ஒரு கதிர்கூட நிற்கவில்லை. போதாக்குறைக்கு ரோட்டோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓடினால், பின்னால் இருப்பவருக்கு உழைப்பில் கால்வாசியாவது மிச்சம். காற்று வலப்பக்கத்தால் வந்தால் நேர் பின்னால் நிற்கக் கூடாது, முன்னால் உள்ளவருக்குச் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனால் நம்ம ரோட்டில் இடப்பக்கம் என்றால் அங்கே மணல். அன்றைக்கு நெல்லும்.

அந்த வெளியில் எனக்குத் துணை கிடைத்தவர் ஒரு மீன்கார காக்கா. ஐம்பது தாண்டிய ஆள். தினமும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற சைக்கிளில், பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு வந்திருந்தார். கெரியரைக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். “மறுகா யாரு சேர் அத பூட்டுற?” என்றார். நூறு எண்ணும்வரை ஒருவர் முன்னால், மறுகா மற்றவர் என்று பேசிக்கொண்டோம். அவர் முன்னால் போகும்போது நூறு சீக்கிரம் வந்தது. நான் முன்னால் போகும்போது எழுபதிலேயே நின்றது. வியாபாரிதானே.

ஒலுவில் தாண்டும்போது பின்னால் பட்டா வந்தது. விட்டுவிட்டவர்கள் மூன்று பேர் சைக்கிளோடு அதில் இருந்தார்கள். “சேர், ஏறுங்க. முன்னுக்குப் போன ஆக்கள் எல்லாம் போய்ச் சேந்திட்டாங்க” என்றான் ஒரு தம்பி. காக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. “நாங்க சந்தைக்குப் போகல்ல மகன், போட்டிக்கு வந்திரிக்கம். நீ பின்னால வா.”

நாங்கள் வந்து சேர்ந்தபோது கயிறு இல்லை. சுண்ணாம்புக் கோட்டை மோட்டார் சைக்கிள்கள் அழித்திருந்தன. மேடையில் பிரதம அதிதி பேசிக்கொண்டிருந்தார். போட்டி தொடங்கும்போது வந்து சேராதவர், முடிந்ததும் நேரத்துக்கு வந்துவிட்டார். “எத்தினயாவது சேர் நாம?” என்று காக்கா கேட்டார். மேசையில் போய் விசாரித்தேன். முதல் மூன்று பேரின் பெயர்தான் எழுதியிருந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து “ஒரு மணித்தியாலம் நாப்பத்தொரு நிமிசம் காக்கா” என்றேன். அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வீட்டில் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டார்.

அதே போட்டியில் என்னிடம் சாதாரண தரம் படித்த ஒரு பையனும் ஓடினான். இப்போது உயர்தரம் படிக்கிறான். அவன் கணக்கில் பத்தாவதோ பதினோராவதோ வந்திருக்கிறான். அவனும் மேசையில் நேரம் கேட்டிருக்கிறான். “மூணு பேர்ர மட்டும்தான் எடுத்த” என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து கேட்டான்: “போன போட்டிய விட இன்டைக்கு வேகமா ஓடினேனா இல்லையா எண்டு எனக்கு எப்புடி சேர் தெரியும்?”

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. தவணைப் பரீட்சையில் முதல் மூன்று பிள்ளைகளின் புள்ளியை மட்டும் எழுதிவிட்டு, மற்ற விடைத்தாள்களை நாங்கள் குப்பையில் போட்டால் நீங்கள் விடுவீர்களா? அடுத்த நாள் அதிபரின் கதவு கழன்றுவிடும்.

கொஞ்ச நாளாக இரவில் போனில் சைக்ளோகுரோஸ் பார்க்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் பக்கம் மழைக்கும் குளிருக்கும் நடக்கிற சைக்கிளோட்டம் இது. நாம் சீசனை மூடுகிற மாதங்களில்தான் அவர்களுக்குச் சீசன். புல், சேறு, மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த மூன்று கிலோமீற்றர் அளவான ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடுவார்கள். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பிரான்சில் 1902 இலேயே தேசியப் போட்டி வைத்துவிட்டார்கள். உலகப் போட்டி 1950 இலிருந்து நடக்கிறது.

சேறு எனக்குப் புதிது இல்லை. என்னைப் பிடித்து இழுத்தது அவர்களுடைய முடிவுப் பட்டியல். பெரிய போட்டிகளில் மிகவும் பின்தங்கியவரை நிறுத்திவிடுவார்கள். அதற்கு 80 வீத விதி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நிறுத்தப்பட்டவரின் பெயரும் பட்டியலில் இருக்கும், எத்தனை சுற்றுக் குறைவு என்று பக்கத்தில் எழுதியிருக்கும். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களின் போட்டிகளில் பெரும்பாலும் நிறுத்துவதும் இல்லை. முதல் ஆள் முடித்துவிட்டால், மற்றவர்கள் தாங்கள் ஓடுகிற சுற்றோடு வந்து சேர்ந்தால் போதும், இடம் கிடைத்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், நம்ம காக்கா வயதுக்காரர்கள் முப்பத்தெட்டாவது இடத்துக்காகக் கடைசி வளைவில் முட்டி மோதுகிறார்கள். முப்பத்தெட்டு என்று யாரோ எழுதுவார்கள் என்று தெரிவதால்தான் அந்த மோதல். எழுதமாட்டார்கள் என்றால் யார் மோதுவார்?

நமக்கும் அப்படி ஒரு போட்டி வாய்த்தது, யாரும் திட்டமிடாமலே. ஒக்டோபரில், முதல் மழை இரண்டு நாள் பெய்து விட்ட சனிக்கிழமை. வேறொரு ஊர், வேறொரு கழகம், பெயர் வேண்டாம். மைதானத்தில் தொடங்கி, வாய்க்கால் கட்டு வழியாகப் போய், வயல் கிறவல் ரோட்டால் சுற்றி வருகிற மூன்று கிலோமீற்றர். ஐந்து சுற்று. ஓர் இடத்தில் பழைய போக்கை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பலகையில் நடக்க வேண்டும். வெள்ளைக்காரனின் சைக்கிள் எட்டுக் கிலோ. நம்மளுடையதைத் தோளில் போட்டால் நெல்லு மூட்டை ஞாபகம் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் களி கூடிக்கூடி, டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் அடைந்து, சில்லு சுற்றாமல் நின்றது. ஈர்க்கில் முறித்துத் தோண்டிவிட்டு ஓடினோம். பார்க்க நின்ற உம்மாமார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

இந்தப் போட்டிக்கு 19 பேர்தான். செப்டெம்பரில் தார் ரோட்டில் கடைசியாக வந்த முகங்கள் அநேகமாக இல்லை. சேறு ஒரு காரணம்தான். அது மட்டும் என்று நான் நம்பவில்லை.

நாலாவது சுற்றில் முதல் ஆள் என்னைக் கடந்து போனார். அந்தச் சுற்றை முடித்து மைதானத்துக்குள் வந்தபோது 47 நிமிடம். கொடி வைத்திருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னான்: “முடிஞ்சி சேர், நீங்க நிப்பாட்டலாம்.” நின்றேன். பையன் எங்கே என்று பார்த்தால், முதல் ஆள் வருவதற்குச் சற்று முன்னால்தான் கடைசிச் சுற்றுக்குப் போயிருக்கிறான் என்றார்கள். மூன்றாவது சுற்றுவரை ஏழாவதாக ஓடியவன். செயினில் களி அடைந்து, கழன்று கழன்று பின்தங்கிவிட்டான்.

பரிசளிப்புத் தொடங்கியது. பெனரில் கொட்டை எழுத்தில் ‘போதையற்ற இளம் சமுதாயத்தை உருவாக்குவோம்’ என்று இருந்தது. பேச்சாளர்கள் மூவரும் அதையே பேசினார்கள். ஐஸ் நம்ம ஊர்களுக்குள் எப்படி வந்திருக்கிறது என்று பேசினார்கள். சரியான பேச்சு, நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சு நடக்கும்போதுதான் பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் வயல் ரோட்டில் தனியாக, செயின் அறுந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோட்டின் மேல் சின்னப் பிள்ளைகள் இருந்து ஐஸ்பழம் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நடுவால் அவன் வந்தான். மைக் நிற்கவில்லை, கெமராக்காரர் திரும்பவில்லை. நான் போனை அமத்தினேன். 58 நிமிடம் 20 செக்கன். சைக்கிளைக் கீழே போட்டான். தண்ணீர் கேட்கவில்லை. “எவ்வளவு சேர்?” என்றான். சொன்னேன். மேசைக்குப் போய்ப் பேனை ஒன்றை வாங்கி முன்னங்கையில் எழுதப் பார்த்தான். சேற்றில் பேனை ஓடவில்லை. என் துவாயால் கையைத் துடைத்துவிட்டு 58.20 என்று எழுதினான்.

கழகத்துத் தம்பிமாரே, உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். காசு சேர்க்க ஓடுகிறீர்கள், பொலிசுக்கு அறிவிக்க ஓடுகிறீர்கள், மாட்டையும் ஆட்டோவையும் மறிக்கிறீர்கள். நாலாவது ஆளுக்குப் பரிசு கேட்கவில்லை, பதினெட்டாவது ஆளுக்குச் சான்றிதழும் கேட்கவில்லை. முதுகில் இலக்கம் ஏற்கனவே குத்தியிருக்கிறீர்கள். ஒருவர் போனைப் பார்த்து நேரம் சொல்ல, இன்னொருவர் இலக்கத்துக்கு நேரே எழுத, இரண்டு பேர் போதும். கடைசி ஆள் வரும்வரை அந்த இரண்டு பேரும் கோட்டில் நிற்க வேண்டும். அன்றிரவே தாளைப் படம் எடுத்து உங்கள் பக்கத்தில் போட்டுவிடுங்கள். செலவு ஒரு கொப்பி. பிரதம அதிதிக்குப் போர்த்துகிற பொன்னாடை ஒன்றின் காசுக்கு எத்தனை கொப்பி வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் பாடசாலையில் இன்னொரு சேரும் சம்மதித்திருக்கிறார். நான் ஓடாத போட்டிகளில் நானும் வருவேன், ஓடுகிற போட்டிக்கு ஒருவரைப் பிடித்துத் தருவேன். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை எந்த ஊர் என்றாலும் சைக்கிளிலேயே வருவோம், பெற்றோல் காசும் வேண்டாம்.

கொப்பி வாங்கிவிட்டேன். இலக்கம், பெயர், நேரம் என்று கோடும் போட்டாகிவிட்டது. இப்போதைக்கு அதில் நாலு வரிதான் இருக்கிறது: செப்டெம்பருக்குக் காக்காவும் நானும், ஒக்டோபருக்குப் பையனும் நானும். இந்த இரண்டு போட்டிகளிலும் ஓடிய மற்றவர்கள் யாராவது கடிகாரத்திலோ போனிலோ நேரம் எடுத்திருந்தால், இலக்கத்தோடு இன்பொக்ஸில் அனுப்புங்கள். எழுதிவிடுகிறேன்.